காலி இருக்கைக்குப் போட்ட பெல்ட்

விடியற்காலை ஐந்து மணி பத்து நிமிடம். ஊர் எல்லையை விட்டு ஆற்றுப்பாலத்தையும் தாண்டிவிட்டால், அந்தச் சாலையில் பதினொரு கிலோமீட்டருக்கு ஒரு விளக்குக் கிடையாது. ஒரு வீடு கிடையாது. நடுவில் இருப்பவை இரண்டே இரண்டு... கூரை பாதி சரிந்த ஒரு பேருந்து நிழற்குடை. அதற்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளி, எப்போதோ இழுத்து மூடப்பட்ட ஓர் ஆலையின் இரும்புக் கதவு.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இதை உரக்கச் சொல்ல முடியாது.

என் நண்பர் ஒருவர் கணக்கு வாத்தியார். அவருடைய மாப்பிள்ளைக்கு நடந்தது இது. வாத்தியார் பொய் சொல்லத் தெரியாத மனிதர். சொன்னாலும் வழிமுறையை எழுதிக் காட்டிவிட்டுத்தான் சொல்வார். ஆகவே அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

மாப்பிள்ளைக்குக் கண்ணாடிப் புட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவர்தான் பொறுப்பு. வீட்டிலிருந்து எழுபத்து நான்கு கிலோமீட்டர். வாரத்தில் ஐந்து நாள் தொழிற்சாலைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தங்கிக்கொள்வார். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் இரண்டரை வயது மகளின் படம். மனைவிக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. அதை விட்டுவிட்டு வர முடியாது. சனிக்கிழமை அவர் வீட்டுக்கு வந்தால், குழந்தை அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவழியாக மடியில் ஏறும். அப்போது அவர் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்ப வேண்டும்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு நாள், கார் வாங்கித் தினமும் வீட்டிலிருந்தே போய்வருவது என்று முடிவு செய்தார். முடிவில் தவறில்லை. வாங்கிய கார்தான் கொஞ்சம் விசேஷமானது. ஒன்பது வருடம் ஓடிய சாம்பல் நிற வண்டி; நான்கு கதவு, ஆறு கியர், மிதித்தால் முதுகை இருக்கையோடு அறைகிற டர்போ எஞ்சின். கல்லூரி நாளிலிருந்து அவர் கண் வைத்திருந்த ரகம்.

"வேலைக்குப் போயிட்டு வர்றதுக்கு எதுக்குங்க ரேஸ் காரு?" என்று கேட்டாள் மனைவி.

"தினமும் நூத்தம்பது கிலோமீட்டர். நல்ல வண்டியா இருந்தாதான் முதுகு தாங்கும்."

"ஓ, முதுகுக்கு வைத்தியமா இது. சரி. ஒண்ணு மட்டும் சொல்றேன், இது ஷெட்ல போய் நின்னா நீங்க திரும்ப அந்த ரூமுக்குப் போயிடுவீங்க. அப்புறம் பாப்பா மறுபடியும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவள் கோபப்பட்டுச் சொல்லவில்லை. அதனாலேயே அது அவருக்குள் தைத்துவிட்டது.

வண்டியை முதலில் கொண்டுபோனது ஒரு மெக்கானிக்கிடம். அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் 'காது' என்றே கூப்பிடுவார்கள். ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஐந்து நிமிடத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அவர் அந்த வண்டியைப் பதினைந்து நாள் வைத்துக்கொண்டார். ஸ்பிரிங்குகளை மாற்றி வண்டியைத் தரையோடு தாழ்த்தினார். அகலமான டயர், அடைப்பில்லாத சைலன்சர் போட்டார். கம்ப்யூட்டரைச் செருகி எஞ்சினின் வேகத்தைக் கூட்டினார். கடைசியில், அவர் வழக்கப்படி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் நான்கு தராசுப் பலகை வைத்து, ஓட்டுகிறவரையே இருக்கையில் உட்காரச் சொல்லி எடை பார்த்தார். தாழ்த்திய வண்டியில் எடை ஒரு பக்கம் சாய்ந்தால் வளைவில் காலை வாரிவிடும். அன்றைக்கு எல்லாம் சரியாக இருந்தது.

திங்கட்கிழமை. நான்கு ஐம்பதுக்குக் கிளம்பினார். பாலம் தாண்டினார். நிழற்குடை வந்தது. மணி ஐந்து பத்து.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து இருக்கையில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. பை கூடப் பின்னால்தான் இருந்தது. கையை நீட்டித் தடவிப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. மற்றபடி வெறும் துணி.

ஆலைக் கதவைக் கடந்ததும் சத்தம் நின்றுவிட்டது.

மறுநாளும் அப்படித்தான். நிழற்குடையில் ஆரம்பம், ஆலைக் கதவில் முடிவு. அதற்கடுத்த நாளும். ஐந்து கிலோமீட்டர், நாலரை நிமிடம், மண்டைக்குள் ஆணி அடிப்பது போல. மதியம் ஷிப்டு முடிந்து திரும்புகையில் ஒன்றும் இல்லை. காலையில் மட்டும்.

சாலை அங்கே கொஞ்சம் கரடுமுரடு. வண்டியைத் தாழ்த்தியதால் அதிர்வில் இருக்கைக்கு அடியிலுள்ள சென்சார் உளறுகிறது என்று மாப்பிள்ளை நினைத்தார். காதும் அதையே சொன்னார். சென்சாரை மாற்றினார்கள். வண்டி ஷெட்டில் இரண்டு நாள். மாப்பிள்ளை அறையில் இரண்டு நாள். வண்டி வந்தது... டிங். வயரிங் முழுவதையும் பிரித்துப் புதிதாக இழுத்தார்கள். மூன்று நாள் அறை. மறுபடியும் டிங். ஆசையாகத் தாழ்த்திய ஸ்பிரிங்கைக் கழற்றிப் பழையதைப் போட்டார்கள். டிங். அதைத் திரும்பக் கழற்றித் தாழ்ந்ததையே போட்டார்கள். கடைசியில் இருக்கையையே தூக்கிவிட்டு வேறொரு வண்டியின் இருக்கையைப் பொருத்தினார்கள். நான்கு நாள். அதுவும் நிழற்குடை வந்ததும் வாயைத் திறந்தது.

அந்த வாரம் வீட்டுக்குப் போனபோது குழந்தை அம்மாவின் முழங்காலுக்குப் பின்னால் நின்றது.

மறுநாள் காலை அவர் ஷெட்டுக்கு வந்த வேகத்தில் கதவை அறைந்து சாத்தினார். ஆணியில் மாட்டியிருந்த, கழித்துப்போட்ட சீட் பெல்ட் ஒன்றை எடுத்தார். அதன் நுனியிலுள்ள உலோக நாக்கை மட்டும் வெட்டினார். வண்டியை இப்படி மாற்றி ஓட்டுகிற கூட்டத்தில் பலர் செய்கிற வேலைதான் அது. அந்த நாக்கைப் பூட்டில் செருகிவிட்டால், பெல்ட் போட்டாயிற்று என்று வண்டி நம்பிவிடும்.

காதுக்கு அது பிடிக்கவில்லை. "சத்தத்தை அடைக்கிறது ரிப்பேர் இல்ல தம்பி. வண்டி என்னமோ சொல்லுது."

"சொல்லட்டும்ணே. நான் கேக்கிறதா இல்ல. எனக்கு ராத்திரி வீட்ல தூங்கணும், அவ்வளவுதான்."

'க்ளிக்' என்று செருகினார்.

ஒரு குளக்கரையில் நாரை ஒன்று இருந்ததாம். ராத்திரி முழுவதும் ஒரு தவளை கத்திக்கொண்டே இருந்தது. பாம்பைப் பார்த்துத்தான் கத்துகிறது என்று நாரைக்குத் தெரியாது. எரிச்சல் தாங்காமல் தவளையின் வாயில் களிமண்ணை அடைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கியதாம். மாப்பிள்ளையும் அப்படித்தான் நிம்மதியானார்.

மறுநாள் காலை நிழற்குடை வந்தது. போனது. ஒரு சத்தமும் இல்லை. ஆலைக் கதவும் போயிற்று. அத்தனை நாளில் அன்றுதான் அவர் அந்த வண்டியை ரசித்து ஓட்டினார். மூன்று மணிக்கு வீடு திரும்பினார். ஒரு வாரத்தில் குழந்தை வாசலுக்கே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளப் பழகியது. மனைவிகூட, "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இரண்டாவது வாரம் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுத்தது. காற்றடித்தார், சக்கரங்களை நேர் செய்தார். இழுப்பு நிற்கவில்லை. மூன்றாவது வாரம் வண்டிக்குள் ஒரு வாடை... ஈரக் கம்பளியும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. எங்கேயோ எண்ணெய் கசிகிறது என்று அடியில் படுத்துத் தேடினார். ஒரு சொட்டுக் கிடையாது. பிறகு பக்கத்துச் சன்னல். பூட்டி வைத்த வண்டியில், காலையில் வந்து பார்த்தால், மற்ற மூன்று கண்ணாடியும் தெளிவாக இருக்கும். அந்த ஒன்று மட்டும் உள்ளேயிருந்து வேர்த்திருக்கும். தலை உயரத்தில், வட்டமாக.

மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அடுத்த நொடி இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "இடம் பத்தல" என்று மட்டும் சொன்னாள்.

மாப்பிள்ளைக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இத்தனை பாடுபட்டு மாற்றிய வண்டி, இன்னும் எதற்கு மக்கர் பண்ண வேண்டும்? ஒரு மாலையில் மறுபடியும் காதிடம் போனார். காது வழக்கம் போல நான்கு பலகையையும் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். மாப்பிள்ளையை ஏறி உட்காரச் சொன்னார். எண்களைப் பார்த்தார். பிறகு, முதல் நாள் சுவரில் எழுதி வைத்திருந்த எண்களைப் பார்த்தார். மாப்பிள்ளை உட்கார்ந்த பக்கம் மாறவில்லை. பக்கத்து இருக்கைப் பக்கம் ஐம்பத்தெட்டுக் கிலோ கூடியிருந்தது.

டிக்கியைக் காலி செய்தார்கள். உபரிச் சக்கரத்தைக் கழற்றினார்கள். தரை விரிப்பைக்கூட உருவினார்கள். பலகைகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். எடை அதே பக்கம்தான் கூடுதலாக நின்றது.

காது வண்டிக்குள் தலையை நீட்டினார். குனிந்து, பூட்டிலிருந்து அந்த உலோக நாக்கை உருவினார்.

டிங்... டிங்... டிங்...

சாலை இல்லை. அதிர்வு இல்லை. நான்கு சுவருக்குள் அசையாமல் நிற்கிற வண்டி.

"தம்பி, முன்னாடியெல்லாம் இந்தச் சத்தம் எங்க நிக்கும்னு சொன்னீங்க?"

"அந்த மில்லு கேட்டுகிட்ட."

"அப்ப யாரோ தினமும் ஏறி, வேலைக்குப் போற இடத்துல இறங்கிட்டு இருந்திருக்காங்க. அஞ்சு கிலோமீட்டர் பயணம். நீங்கதான் பெல்ட்டைப் போட்டு இறங்க விடாமப் பண்ணிட்டீங்க."

மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார். ஒரு மாதமாகத் தினமும் மூன்று மணிக்கு வீட்டு வாசலில் யாரைக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குழந்தை ஓடிவரும் அந்த வாசல்.

மறுநாள் காலை வழியெல்லாம் சத்தத்தோடுதான் ஓட்டினார். வீட்டிலிருந்து பாலம், பாலத்திலிருந்து நிழற்குடை, அங்கிருந்து ஆலை... சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஆலைக் கதவுக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. இருட்டு. பூச்சிகூட இல்லை. துருப்பிடித்த கதவில் சங்கிலி மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது, காற்று இல்லை.

தன் பெல்ட்டைக் கழற்றினார். குறுக்கே சாய்ந்து கையை நீட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அந்த ஈரக் கம்பளி வாடை மூக்கில் ஏறியது. வெட்கத்தைப் பார்க்காமல் வாய்விட்டே சொன்னார்.

"தெரியாமப் பண்ணிட்டேங்க. இறங்கிக்குங்க. நான் வீட்டுக்குப் போகணும். அது போதும் எனக்கு."

டிங்... டிங்...

நின்றது.

கடினமான ஸ்பிரிங் அது. எடை இறங்கினால் தெரியும். 'டக்' என்று அந்தப் பக்கம் வண்டி எழுந்தது. மாப்பிள்ளை மூச்சு விட்டார். கதவைச் சாத்த மறுபடி குறுக்கே சாய்ந்தார். அதற்குள், இன்னொரு 'டக்'... இந்த முறை அவர் உட்கார்ந்திருந்த பக்கமும் எழுந்தது.

ஸ்பிரிங் சமநிலைக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பதுதான் நியாயம். சாவியைத் திருகினார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு இலேசாக அது ஒருநாளும் ஓடியதில்லை என்று அன்று மாலை வீட்டில் சொன்னாராம்.

அதற்குப் பிறகு அந்த வண்டி ஷெட்டுக்குப் போகவில்லை. சத்தமில்லை, இழுப்பில்லை, வாடையில்லை. ஒரு நாள்கூட அறையில் தங்கவில்லை. தினமும் மூன்று மணிக்கு வீட்டில் இருக்கிறார். குழந்தையோடு விளையாடுகிறார், சாப்பிடுகிறார், பேசுகிறார். கேட்டது கிடைத்துவிட்டது.

போன மாதம் அவர் மனைவி தன் அப்பாவைப் பார்க்க வந்தாள். நல்லா இருக்கீங்களாம்மா என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். நல்லாத்தான் இருக்கோம் என்றிருக்கிறாள். பிறகு குழந்தைக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாளாம்.

"அப்பா, அவர் ராத்திரி என் பக்கத்துலதான் வந்து படுக்கிறார். ஆனா... மெத்தை அமுங்கவே மாட்டேங்குதுப்பா."