தெற்கு வயல் கல்லு

நாலாயிரம் வருஷமா? இந்தக் கல்லா? சார், அந்தப் பேப்பரை மடிச்சு பையில வைங்க. கவுண்டி ஆபீஸ்லேர்ந்து சேத்துல நடந்து வந்திருக்கீங்க, உண்மையைக் கேட்டுட்டுப் போங்க. எண்பத்தேழுல நானும் எங்க பார்ட்லி மாமாவும் டிராக்டர்ல இழுத்தாந்து நட்ட கல்லு இது. எதுக்கு? மாடு முதுகு சொறிஞ்சுக்க. இல்லேன்னா வேலியில உரசி உரசி கம்பத்தையெல்லாம் சாய்ச்சுப்புடும். இந்த ஊர்ல வயலுக்கு ஒண்ணு நிக்குது, பாருங்க.

சுத்தி இருபது மீட்டர் மண்ணைத் தொடக்கூடாதுன்னு லெட்டர் போட்டா, எம்மக சோர்க்கா எங்க வீடு கட்டுவா? பெர்த்லேர்ந்து ரெட்டைப் புள்ளைங்களோட வர்றேங்குறா. கிறிஸ்துமஸுக்குள்ள சொல்லுப்பா, இல்லேன்னா இங்க பெர்த்துலயே வீடு பாத்துடறோம்னுட்டா. எங்கிட்ட காஞ்ச நிலம்னா இது ஒண்ணுதான். மிச்சமெல்லாம் சதுப்பு... வாத்துதான் வீடு கட்டும்.

எல்லாம் அந்த அட்ராக்டா லூபி பண்ண வேலை. ஊர் பாரம்பரியக் கமிட்டித் தலைவி. பக்கத்து ஊர்ல பழைய கோபுரம் இருக்குன்னு வயித்தெரிச்சல். நம்மகிட்ட என்ன இருக்கு? ஒரு சர்ச்சு, ரெண்டு பீர் பப்பு, மழை. கல்லு கிடைச்சா விடுவாளா? புஸ்தகம் போட்டா, ஆதிகாலத்துக் கல்லுன்னு பலகை நட்டா, பஸ்ஸுல ஆள் கொண்டாந்து என் கேட்டைத் திறந்து போட்டா. கன்னுக்குட்டியெல்லாம் ரோட்டுல.

அவளுக்கு யார் சொன்னாங்கன்னா கேக்குறீங்க... அது... மழை வர்றாப்ல இல்ல?

சரி, நான்தான். மேயோ ஜில்லாக்காரன் ஒருத்தன் கிடேரி வாங்க வந்துட்டு விலைக்கு மசியவே மாட்டேங்குறான். இது ஆதிகாலத்துக் கல்லு, இதுல உரசின மாடு கரு கலைஞ்சு கன்னு வீசாதுன்னு வாயில வந்ததை அடிச்சுவிட்டேன். உடனே உள்ளங்கையில எச்சிலைத் துப்பி என் கைமேல அடிச்சான், பேரம் முடிஞ்சுதுன்னு அர்த்தம், பதினொரு கிடேரியும் வித்துப்போச்சு. திரும்பிப் பாத்தா வயல் கேட்டுப் பக்கத்துல அட்ராக்டா, பென்சிலோட. எழுத்துல குடு, மலாக்கின்னு எங்கிட்ட கேட்டா. குடுத்தேன். ஆமா, உங்க ஃபைல்ல இருக்கே, அந்தக் கையெழுத்துதான்.

இப்ப அது பொய்னு எழுதித் தரணுமா? முப்பது வருஷமா மாட்டு யாவாரம் பண்றேன் சார், வாயிதான் எனக்கு மொதலு... குடுங்க பேனாவ. சோர்க்காவுக்காக.

இந்தாங்க, போட்டாச்சு. அட, நில்லுங்க, கேட்டைத் தாண்டிட்டீங்களே. அந்த மேயோக்காரன் நாளைக்குக் காலையில மறுபடி கிடேரி பாக்க வர்றான். பலகையை மட்டும் மத்தியானம் வரைக்கும் புடுங்கிடாதீங்க சார்.