நெயில் பாலிஷ் பொட்டு

விமானத்தின் இறக்கைக்குத் துணி போர்த்த வீட்டு இஸ்திரிப் பெட்டியே போதும் என்றால் நம்புவீர்களா, ஐயா? சூடு ஜாஸ்தியானால் துணி உருகிவிடும், கம்மியானால் தொய்யும். அந்தப் பக்குவம் பிடிபட எனக்கு இரண்டு மாதம் ஆனது. என் மனைவி ரெஜினாவின் பெட்டி அதோடு போயிற்று.

என் பெயர் லூர்துராஜ். கள்ளக்குறிச்சியில் இருபது வருடமாக கிரில் கேட் செய்கிறேன். வெளிநாட்டில் விமானப் பராமரிப்பு வேலை பார்த்துத் திரும்பிய சிவசங்கர், இரண்டு பேர் போகிற சின்ன விமானம் கட்டவேண்டும் என்று என் பட்டறைக்கு வந்தார். நாலு வருடம் சேர்ந்து கட்டினோம். மெல்லிய குழாயில் ஓட்டை விழாமல் பற்றவைக்க, ரிவிட் அடிக்க, இன்ஜின் டியூன் செய்ய, எல்லாம் இந்த வயதில் கற்றுக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான நாலு வருடம் அதுதான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் நட்டை முடுக்கி, அது கழலாமலிருக்கக் குறுக்கே காட்டர் பின் கோர்த்து மடக்குவார். மற்றவர் பார்த்து, சரியாக இருந்தால் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு வைப்பார். பொட்டு வைத்த நட்டை மறுபடி யாரும் தொடுவதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை யூடியூப் சேனல்காரர் ஒருவர் வந்தார். கேமரா முன்னால் சிவசங்கர் என் தோளில் கைபோட்டுக்கொண்டு, "எல்லாம் நான் கட்னதுதாங்க. அண்ணன் கூடமாட ஒத்தாசைக்கு இருக்காரு" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த வீடியோவை ஒரு நாற்பது தடவை பார்த்திருப்பேன், அவ்வளவுதான்.

மறுநாள் சிவசங்கர் தன் ஊரான களமருதூரில், வயலோரக் கொட்டகையில் வைத்து, விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குகிற தண்டை வால்பக்கம் மாட்டினார். பாதியில் போன் வந்தது. பேசி முடித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது நட்டு இருந்தது, பின் மேசைமேல் கிடந்தது. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள்: மறந்தது அவர். நான் எதையும் கழற்றவில்லை. பொட்டு மட்டும் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். அவருக்காகவும் வேண்டிக்கொண்டேன். பிறகு களமருதூர் போனேன். அந்தப் பின்னைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன், எதற்கு என்று தெரியவில்லை. அறுப்பு முடிந்து காய்ந்த வயலில் விமானம் நின்றது. சிவசங்கர் இரண்டாவது சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கண்ணா. நீங்க இல்லாம இத்த நான் மொதமொதல்ல தூக்குவேனா?"

இதை அவர் வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கலாம். வயிறு சரியில்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. அதைப் பார்க்க எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது. பக்கத்தில் நின்ற அவர் மனைவி நிர்மலா, "அப்ப நான் குந்திக்கிறேன். அண்ணன் கட்னது, இன்னா பயம்?" என்று ஏறிக்கொண்டார்.

இன்ஜின் சூடேறப் பத்து நிமிடம் ஆகும். பின்னைக் கோர்க்க ஒரு நிமிடம் போதும். ஆனால் இன்ஜின் சத்தத்தில் ஒரு சின்னத் திக்கல் கேட்டது. அப்படியே விட மனம் வரவில்லை. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்று திருப்பினேன், சரியாகிவிட்டது. சிவசங்கர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

மேலே எழும்பித் திருநாவலூர் பக்கம் திரும்பும்போது மூக்கு கவிழ்ந்தது. கரும்புத் தோட்டத்தில் விழுந்தது. முதலில் ஓடிப்போய்ப் பார்த்ததும் நான்தான்.

ஆமாம், தெரிந்தேதான் பொட்டு வைத்தேன். இரண்டு பேரையும் நான் கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. தரையில் மோதும்வரை இன்ஜின் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. அது முழுக்க என் வேலை.