முழங்கால் என்று சொன்னோம்

பத்து நிமிடங்களுக்கு முன்னர், இதே ஒலிவாங்கியின் முன் நின்று, நான் உங்கள் எல்லோருக்கும் பொய் சொன்னேன்.

பயிற்சியாளர் ரேட்டோ அவர்கள் ஜெர்மன் மொழியில் பேசினார். நான் அதைத் தமிழில் சொன்னேன். "அபிசன் இரண்டு முறை தடைசெய்யப்பட்டான். இரண்டு முறையும் போதைப்பொருள்தான் காரணம். அவனுக்கு நாங்கள் போதிய உதவி செய்யவில்லை" என்று அவர் சொன்னார். "அபிசன் இரண்டு முறை காயமடைந்தான். இரண்டு முறையும் முழங்கால்தான். எங்களால் அவனைக் குணப்படுத்த முடியவில்லை" என்று நான் சொன்னேன். இந்த மண்டபத்தில் இருக்கும் இளையவர்கள் எல்லோருக்கும் என்னைவிட நன்றாக ஜெர்மன் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அபிசனின் தங்கை தர்மிகா மட்டும் எழுந்து கதவடிக்குப் போனாள். இன்னமும் அங்கேதான் நிற்கிறாள்.

மேடையால் இறங்கியபோது அபிசனின் தாயார் இராஜேஸ்வரி என் கையைப் பிடித்தார். ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"அண்ணை, இண்டைக்குமோ?"

சங்கத் தலைவர் தயாநிதி அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! எம்மன்புரூக்கேயிலும் லுசேர்ணிலும் இருந்து வந்திருக்கும் உறவுகளே! பின்வரிசையில் விளையாட்டுக் கழகச் சட்டையோடு அமர்ந்திருக்கும் அபிசனின் தோழர்களே! வணக்கம். இப்போது நிகழ்ச்சிநிரலில் என் பெயர் இருக்கிறது. குடும்ப நண்பரின் இரங்கலுரை என்று போட்டிருக்கிறார்கள். மூன்று தாள் எழுதி வைத்திருந்தேன். அவற்றைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன். சிலர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுகிறீர்கள். பார்க்கிறேன். இறங்க மாட்டேன்.

அபிசன் ஜெகதீஸ்வரனின் முழங்காலில் ஒரு குறையும் இருந்ததில்லை. வலது முழங்காலிலும் இல்லை, இடது முழங்காலிலும் இல்லை. அந்த முழங்கால்களைப் போல இரண்டு முழங்கால்கள் நம் சமூகத்தில் வேறு எவருக்காவது இருந்தனவா?

அவன் ஆடியது அமெரிக்கன் புட்போல். நம்மில் பலர் அதைக் கண்டதில்லை. முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், ஒருவர்மேல் ஒருவர் விழுவது. அதில் ஒருவன் பந்தைத் தூரத்துக்கு எறிவான். இன்னொருவன் எதிரிகளைத் தாண்டி ஓடி அதைப் பிடிப்பான். பிடிப்பவனை ரிசீவர் என்பார்கள். அபிசன் ரிசீவர். நான் முதலில் அவன் ஆடிப் பார்த்தபோது, தகப்பன் ஜெகதீஸ்வரன் காலமாகி இரண்டு மாதம். பிள்ளைக்குப் பதினைந்து வயது. "அங்கை என்னதான் செய்யிறான் எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோ அண்ணை" என்று இராஜேஸ்வரி என்னை அனுப்பினார். போனேன். மழை. எல்லோரும் தலைக்கவசம் போட்டிருந்தார்கள். எது நம்முடைய பிள்ளை என்றே தெரியவில்லை. அப்போது பந்து வானத்தில் போனது. ஒருவன் பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். திரும்பிப் பார்க்கவே இல்லை! கடைசியில் ஒரு கையை நீட்டினான். பந்து வந்து அந்தக் கைக்குள் இருந்துகொண்டது. பக்கத்தில் நின்ற சுவிஸ்காரக் கிழவர் ஒருவர் தன் குடையையே கீழே போட்டுவிட்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவன்தான் நம்முடைய பிள்ளை என்று.

அடுத்த கோடை விடுமுறையில் லுசேர்ணில் நான் வேலை செய்த ஹோட்டல் சமையலறைக்கு உதவிக்கு வந்தான். நான் முட்டைக்கோவாவைக் கழுவிக் கழுவி எறிவேன். அவன் மறுபக்கம் பார்த்துக்கொண்டு பிடிப்பான். "மாமா, இன்னும் கடினமா எறியுங்கோ, இதென்ன கலியாண வீட்டுப் பூவோ?" என்பான். அந்த ஆறு கிழமை விடுமுறையில் ஒரு கோவாகூட நிலத்தில் விழவில்லை. பத்தொன்பது வயதில் அவன் ஆடிய அணி நாட்டின் இறுதிப் போட்டிக்குப் போனது. இருபது வயதில் ஜெர்மனியிலிருந்து, சம்பளம் கொடுக்கும் அணியொன்று, ஆள் அனுப்பி அவனைப் பார்த்தது. அப்படிப்பட்டவன்!

இருபத்தொரு வயதில் முதற் கடிதம் வந்தது. போட்டிக்குப் பின் எடுத்த சோதனையில் கஞ்சா. மூன்று மாதத் தடை. இராஜேஸ்வரி கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தார். இந்த ஊரில் கடிதம் என்றால் என்னிடம்தானே வரும்? நான் பள்ளிக்கூடம் போய் ஜெர்மன் படித்தவன் அல்லன். மரக்கறிப் பெட்டிகளில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்துப் படித்தவன். முப்பத்து மூன்று ஆண்டுகள் உங்களுக்குக் கடிதம் வாசித்தவன். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் அதையும் வாசித்தேன்.

இரண்டாம் பக்கத்தில் ஒன்று எழுதியிருந்தது. போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையில் சேர்ந்து அதை முடித்தால், மூன்று மாதம் ஒரு மாதமாகும். ஒரு கையெழுத்துத்தான் வேண்டும்.

"கையெழுத்து வையாதேங்கோ. உங்கடை குடியுரிமை விண்ணப்பம் நகரசபையிலை கிடக்கு. இது கோப்பிலை ஏறினால் அதுவும் போச்சு" என்று நான் சொன்னேன்.

அபிசன் அருகில்தான் இருந்தான். "அம்மாவுக்குப் பிரச்சினை வருமெண்டால் வேண்டாம் மாமா. மூண்டு மாசம்தானே" என்றான்.

"ஆக்கள் கேட்டால் என்ன சொல்லுறது?" என்று தாய் கேட்டார்.

"முழங்கால் எண்டு சொல்லுவம்" என்றேன்.

நான்தான் சொன்னேன். வேறு எவரும் அல்லர். போதைப் பழக்கத்துக்கான ஆலோசனை நிலையத்தில் பேசுவது நகரசபைக்குப் போகாது என்று எனக்கு அன்று தெரியாது. தெரியாது என்று சொல்லவும் எனக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தாதி சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் இரண்டாம் கடிதம் வந்துவிட்டது. இம்முறை கொக்கெய்ன். இரண்டு ஆண்டுத் தடை. ஜெர்மன் அணி பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை என்று சொன்னோம்!

ஒரு பொய்யைச் சொன்னவர்கள் நாங்கள். அதைக் காவித் திரிந்தவன் அவன். தமிழர் நிற்கும் இடமெல்லாம் அவன் நொண்டவேண்டி இருந்தது. கோயிலில் நொண்டினான். பிறந்தநாள் விழாவில் நொண்டினான். தலைவர் தயாநிதி அவர்களே, உங்கள் மகளின் கலியாணத்தில் நீங்கள் கேட்டது நினைவிருக்கிறதா?

"தம்பி, போன மாசம் மற்றக் காலல்லோ?"

"ஓம் அங்கிள். அது தனிய நோகுது, பாவம் எண்டு இதுவும் சேர்ந்து நோகுது."

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். ஏன் சிரித்தோம்? நமக்குத் தெரியும்! எல்லோருக்கும் தெரியும்! பிள்ளைகள் தடைச் செய்தியை வாசித்து வந்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். தெரிந்துகொண்டே, "முழங்கால் எப்பிடி?" என்று கேட்டோம். தெரிந்துகொண்டே அர்ச்சனை செய்தோம். ஊருக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் நோவெண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்து கொடுத்தோம். நானும் கொடுத்தேன். நோவை உண்டாக்கியவனே மருந்தும் கொடுத்தேன்.

இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். தடைக்காலத்தில் கழகத்தோடு சேர்ந்து பயிற்சி செய்ய முடியாது. ஆனால் தனியாக ஓடுவதற்குத் தடை இல்லை. அவன் ஆற்றங்கரையில் காலையில் ஓடினான். "ஓடினால் தலை தெளியுது மாமா, ஓடுற நாளிலை மற்றது வேண்டியிருக்கேல்லை" என்று என்னிடமே சொன்னான். ஒரு நாள், இங்கே அமர்ந்திருக்கும் இந்திரா அதைக் கண்டுவிட்டு இராஜேஸ்வரிக்குத் தொலைபேசி எடுத்தார். "உங்கடை மோன் மான் மாதிரி ஓடுறார், முழங்கால் சுகமாகியிட்டுதோ?" இந்திரா, உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு முகம் இல்லை. சும்மா கேட்டீர்கள். அன்று தாய் அழுதார். "ஓடாதை அப்பு, ஆக்கள் பாக்கினம்" என்றார். அவன் ஓடுவதை விட்டான்.

தடை அவனை மைதானத்திலிருந்துதான் விலக்கியது. ஓட்டத்திலிருந்து விலக்கியது யார்?

சோதனை நடத்தியவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. விதிப்படி கடிதம் போட்டார்கள், முடிந்தது. கழகத்தின்மேலும் உண்டு. ரேட்டோ அவர்களே, நீங்கள் நல்லவர். ஆனால் இரண்டு ஆண்டில் ஒரு நாளாவது வந்து அந்த வீட்டின் மணியை அடித்திருக்கலாம். இந்தக் கோபத்தை நான் விடப் போவதில்லை. ஆனால் எல்லாக் கோபத்தையும் கூட்டி வைத்துப் பார்த்தாலும், வாசலை மறித்து நிற்பது நான்தான்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவன் என் வீட்டுக்கு வந்தான். தடை முடிந்து ஓர் ஆண்டாகியிருந்தது. திரும்பவும் ஆடினான், ஆனால் பந்து கையில் நிற்கவில்லை. கோவாவைத் தவறவிடாதவனுக்குப் பந்து நிற்கவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தான்.

"மாமா, வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆலோசனை நிலையத்திலை எனக்கு நேரம் தந்திருக்கினம். வாறீங்களோ?"

"உனக்கு என்னைவிட நல்லா ஜெர்மன் வரும். நான் எதுக்கு?"

"கதைக்க இல்லை மாமா. சும்மா பக்கத்திலை இருக்க. பிறகு அம்மாவுக்கு நீங்கள்தான் சொல்லவேணும். நீங்கள் சொன்னால் அவ கேப்பா."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முழங்கால் எண்டு சொல்லியாச்சு. இப்ப போய் என்னெண்டு மாத்திறது? தர்மிகாவுக்கு ஒரு சம்பந்தம் கதைச்சுக்கொண்டிருக்கிறம். அது முடியட்டும்."

அவன் கோபிக்கவில்லை. "சரி மாமா" என்று சிரித்தான். எழுந்தான். என் வீட்டுப் படிகளில் நொண்டிக்கொண்டு இறங்கினான். என் கண் முன்னால்! நான் உண்டாக்கிய நொண்டலை எனக்கே காட்டினானா? இல்லை, தமிழ் முகத்தைக் கண்டால் கால் தானாகவே நொண்டப் பழகிவிட்டதா? இதைக் கேட்க இனி எனக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் படிகளில்தான் நானும் இறங்குகிறேன்.

வியாழக்கிழமை அவன் போகவில்லை. ஏப்ரலில் கூர் நகருக்குப் போய் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே தமிழர் குறைவு, அங்கே நேராக நடக்கலாம் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறான். போன திங்கட்கிழமை காலை வேலைக்கு வரவில்லை என்று அறைக் கதவைத் திறந்திருக்கிறார்கள். வயது இருபத்தாறு. அளவுக்கு மிஞ்சிய போதைப்பொருள் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். திடீர் சுகயீனம் என்று நான் இரங்கல் அறிவித்தல் எழுதிக் கொடுத்தேன். தர்மிகாவுக்குப் பேசிய அந்தச் சம்பந்தம்? அது மே மாதமே குழம்பிவிட்டது.

இரங்கலுரையின் முடிவில், அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுப்பது வழக்கம். எந்தப் பணியைத் தொடர்வது? அவனைப் போல ஓட இந்த மண்டபத்தில் எவருக்கு முடியும்? எனக்குப் பெரிய வழி ஒன்றும் தெரியவில்லை. செய்யக்கூடிய சிறிய சில வேலைகள் மட்டும் தெரிகின்றன. பெயர் சொல்லிச் சொல்கிறேன்.

மதிவதனன், நீ அவனோடு ஒரே அணியில் ஆடியவன். இந்தக் கூட்டம் முடிந்தவுடன் ரேட்டோ அவர்களிடமும் பின்வரிசைப் பிள்ளைகளிடமும் போ. அவருடைய வார்த்தையை நான் என்ன செய்தேன் என்று ஜெர்மனில் சொல். ஒன்றையும் குறைக்காதே. என் பெயரையும் சொல்.

தலைவர் தயாநிதி அவர்களே, இணையத்தில் போட்ட அறிவித்தலை இன்று பின்னேரத்துக்குள் மாற்ற வேண்டும். சங்கம் மாற்றாவிட்டால் என் பெயரில் இன்னொன்று வரும்.

டிலக்ஷி, அன்று எனக்கு உண்மையைச் சொன்ன தாதி நீ. கடிதம் வைத்திருக்கும் பெற்றோர் இனி முதலில் உன்னிடம் வரட்டும். உனக்கு நேரம் இல்லை என்றால் என்னிடம் வரட்டும். தாளில் இருப்பதை மட்டும் வாசிப்பேன். என்ன சொல்லுவம் என்று கேட்டால் பதில் தர மாட்டேன்.

நான் செய்ய வேண்டியது ஒன்று. வியாழக்கிழமைகளில் பத்து மணிக்கு அந்த ஆலோசனை நிலையத்தின் காத்திருக்கும் அறையில் இருப்பேன். கேட்டுவிட்டேன், இருக்கலாம் என்றார்கள். பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும் என்பவர் வரலாம். நான் பேச மாட்டேன். எவரும் வராவிட்டாலும் இருப்பேன். இதனால் அபிசனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

மற்றது எல்லோருக்கும். இராஜேஸ்வரியின் வீட்டு அலுமாரியில் பதினாறு எண்ணெய்ப் போத்தல்கள் நிற்கின்றன. நேற்றுத்தான் எனக்குத் திறந்து காட்டினார். ஒன்றின் மூடிகூடத் திறபடவில்லை. அவன் ஒன்றையும் எறியவும் இல்லை. கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் தங்கள் போத்தலைத் திரும்ப எடுங்கள். எடுக்கும்போது அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து, "எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லுங்கள். வேறு ஆறுதல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தர்மிகா, கதவடியில் நிற்கிறாய். வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இரு பிள்ளை.

இராஜேஸ்வரி, நாளைக்குக் காலமை நான் வாறன். முதல் போத்தல் என்ரை. அதை முன்னுக்கு எடுத்து வையுங்கோ.