நிலையான சீரமும் நகராத புட்டியும்

அளந்து பேசச் சொல்லிக் கடிகாரம் காட்டும் அவைத்தலைவர் அவர்களே! முன்வரிசையில் கண்மூடிக் கேட்கும் பெரியோர்களே! தூங்கவில்லை என்கிறீர்களா? சரி, நம்பிவிட்டேன்! மடியில் மழலையையும் செவியில் என்னையும் சுமக்கும் தாய்மார்களே! வணக்கம்.

“சீரம் அளந்த செம்மல்” என்று எனக்குப் பதக்கமாம். வாங்குமுன் ஓர் உண்மையைக் கொட்டிவிடுகிறேன்.

கால்நடை மருந்துக்கூடம் தொடங்கிய காலம். குதிரைக்குக் கிருமியை ஊசியேற்றி, அதன் இரத்தத்தில் ஊறும் எதிர்ப்புச் சக்தியைச் சீரமாய் வடிப்போம். வீரியம் அளப்பது எப்படி? ஒரு புட்டியை அளவுகோலாக்கி மற்றவற்றை அதனோடு ஒப்பிடுவோம். வீரியம் மாறாதது என்ற பொருளில் அந்தப் புட்டியில் முத்து முத்தாக எழுதினேன், “நிலையானது” என்று! மை காய ஜன்னலில் வைத்தேன். வைத்தவன் மறந்தேன்.

நான்காம் நாள் சோதனை. கண்ணாடிக் குடுவை கழுவும் அக்கா புட்டியை எடுத்துத் தந்தார். ஐஸ் பெட்டியிலிருந்துதான் என்று எண்ணினேன். ஒப்பிட்டால், எங்கள் கிழட்டுக் குதிரையின் சீரம் பத்து மடங்கு வீரியம்! துள்ளினேன். “உப்புநீர் விட்டுப் பத்துப் பங்காக்குங்க!” என்றேன். வாசலிலோ சீரத்துக்குக் காத்திருந்த பால்காரம்மா. நாலு மாடு செத்து, ஆறு மாடு காய்ச்சலில். அழுதழுது குரலே போயிருந்தது.

அப்போது குதிரைக்காரர் தலை சொறிந்தார். “ஐயா, ஈ ஓட்டவே அது வாலைத் தூக்க மாட்டேங்குது. அதுக்கா திடீர்னு பத்து மடங்கு பலம்? நெல்லு அளக்கிற படி அடி நசுங்கினா எல்லா மூட்டையும் கூடத்தான் தெரியும். உங்க படியைப் பாருங்க.”

படித்தவன் நான், படியைப் பார்த்தவர் அவர்! அக்காவிடம் ஓடினேன். “புட்டி எங்க இருந்துச்சு?”

“ஜன்னல்ல. மூணு நாளா வெயில் அடிச்சுது.”

“ஏம்மா உள்ள வைக்கல?”

“நிலையானதுன்னு நீங்கதானே எழுதினீங்க! நகர்த்தலாமா?”

சிரிக்கிறீர்கள், அன்று எனக்கு வியர்த்துக் கொட்டியது. வெயிலில் செத்தது அளவுகோல், வீரனானது குதிரை! அதே சீரம் நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்திருந்த மாற்றுப் புட்டியோடு ஒப்பிட்டேன். குதிரை பழைய குதிரைதான். உப்புநீர் விடாத சீரமே மாடுகளுக்குப் போனது. ஐந்து மாடுகள் எழுந்தன. ஆறாவதற்காகப் பால்காரம்மாவோடு நானும் அழுதேன்.

என் பேச்சு எடுபட்டிருந்தால் ஒன்றாவது எழுந்திருக்குமா? நீங்களே சொல்லுங்கள், பதக்கம் யாருக்கு? ஆம், கடைசி வரிசையில் ஒளிந்திருக்கும் குதிரைக்காரருக்கு! வாருங்கள் ஐயா! வரமாட்டாரா? யாரப்பா அவர் நெற்றியில் “நிலையானது” என்று எழுதியது? தூக்கி வாருங்கள்!

பொறுத்த செவிகளுக்கு நன்றி. உங்கள் தொழுவங்கள் நலமாயிருக்கட்டும், வணக்கம்!