பின்னால் இடம் இருக்கா?

ஒரு கட்டடத்தை முழுதாகப் படம் எடுக்க வேண்டுமென்றால் பின்னால் நடக்கத்தான் வேண்டும், சார். கூரை ஃப்ரேமுக்குள் வந்தால் வாசற்படி போய்விடும், வாசற்படி வந்தால் கூரை போய்விடும். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துக்கொண்டே போக வேண்டும். கட்டடம் எடுக்கிற எவனும் இப்படித்தான் நடப்பான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

நானும் ஜெரோமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து போனதற்குக் காரணமே அதுதான். ஒருவன் பின்னால் நடக்கும்போது மற்றவன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொள்வான். எடுக்கிறவன் "இருக்கா?" என்று கேட்பான். இடம் இருந்தால் "இருக்கு, வா." இல்லையென்றால் "போதும்." சதுரங்கப்பட்டினம் கோட்டையில், செங்கல்பட்டு ரயில்வே பாலத்தடியில், ஒருமுறை மதுரை போனபோது மகாலில், எங்கும் எங்களுக்கு இந்தப் பேச்சுதான். மாமல்லபுரத்தில் அவன் கத்திய ஒரு "போதும்" இல்லையென்றால் நான் டூரிஸ்ட் பஸ்ஸுக்கு அடியில் போயிருப்பேன். அதை நான் மறுக்கவில்லை.

ஸ்டேஷன் ரிப்போர்ட்டில் நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துக் காட்டினீர்கள். ஜெரோம் கவனக்குறைவால் கால் தவறிக் கல்குவாரியில் விழுந்து இறந்தான் என்று இருக்கிறது. அதைத் திருத்தத்தான் உங்களைக் கூப்பிட்டேன். ஜெரோமை எனக்குப் பிடிக்காது. அதற்காக அவனைக் கவனமில்லாதவன் என்று எழுத விடுவேனா? கேட்காமல் ஓரடிகூடப் பின்னால் வைக்க மாட்டான்.

ஏன் பிடிக்காது என்று கேட்பீர்கள். கோவளத்துக்காரன், சத்தமாகப் பேசுகிறவன், அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கடற்கரைக் கோயிலை எடுக்கப் போனால் அங்கே மாங்காய் விற்கிற பெண்ணை எடுத்துக்கொண்டு வருவான். "ஆளே இல்லாத வூடு இன்னாத்துக்கு மச்சான்? பொணம் மாரி கீது" என்று என் படங்களைப் பார்த்துச் சொல்வான். நான் ஆட்கள் எல்லோரும் விலகும்வரை காத்திருந்து எடுக்கிறவன். ஒரு நல்ல கட்டடத்தைக் கெடுப்பதே மனிதர்கள்தான், சார். துணி காயப் போடுவார்கள், மூலையில் துப்புவார்கள், நட்ட நடுவில் நின்று பல்லைக் காட்டுவார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல் வரும்.

என் வீடு கூடுவாஞ்சேரியில், ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. புது அபார்ட்மெண்ட். வாங்கியவர்கள் பாதிப்பேர் இன்னும் குடிவரவில்லை. எங்கள் மாடியில் நானும் என் மனைவி சஹானாவும் மட்டும்தான். அந்த அமைதிக்காகவே அதை வாங்கினேன். போன மாதம் நான் ஆபீஸ் போயிருந்த ஒரு நாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், எதிர்ப்பக்கத்துக் காலி மனையில் நின்று ஜெரோம் அந்தக் கட்டடத்தைப் படம் எடுத்திருக்கிறான்.

செங்கல்பட்டில் எங்கள் போட்டோ குழுவின் கூட்டத்தில் அதைத் திரையில் போட்டான். நல்ல படம்தான். திறந்த வராந்தாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே மாதிரி க்ரில் கேட்டுகள், எல்லாம் காலி. ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சஹானா. எல்லோரும் கைதட்டினார்கள். குழுவை நடத்துகிற அருணகிரி சார், "அந்தம்மா மூஞ்சி என்னமோ பண்ணுதுங்க" என்று எழுந்து நின்றே சொன்னார். கேட்டில் தொங்கிய பூட்டை யாரும் கவனிக்கவில்லை. ஜெரோம் கவனித்திருந்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், தங்கச்சி உள்ள கீது. பூட்டு வெளிய தொங்கிகினு கீது. இன்னா மேட்டரு?"

பாதுகாப்புக்காக என்றேன். உண்மையும் அதுதான். சஹானா வெகுளி. வாட்ச்மேன், பால்காரர், லிப்ட் ரிப்பேருக்கு வந்தவன் என்று யாரிடமும் பேசிவிடுவாள். அவள் போனை நான் வாங்கி வைத்திருப்பதும் அதனால்தான். ஆரம்பத்தில் அழுதாள். இப்போதெல்லாம் அழுவதில்லை, பழகிவிட்டாள். வீட்டில் எந்தக் குறையும் கிடையாது. இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அவன் கேட்கிற ஆளா? "இன்னா பரணி, நாயக் கட்டி வெச்சா மாரி சொல்ற? ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் உன் வூட்டுக்குப் போறோம். நீ தொறந்து வுடு. தொறக்கலன்னா பூட்ட நான் ஒடைப்பேன். அவங்க அண்ணனையும் வரச் சொல்லிடுவேன்."

நான் கோபப்படவில்லை. சரி என்றேன். அடுத்தவன் குடும்பத்துக்குள் கேமராவை நீட்டியதே தப்பு, இதில் பூட்டை வேறு உடைப்பானாம். இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல், முதலில் ஒரு பழைய பங்களாவை எடுத்துவிட்டு அப்புறம் வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னேன்.

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் இருக்கிற அந்தப் பாழடைந்த பங்களாவை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். குவாரிக்காரர்கள் பாறையை வெட்டி வெட்டி அதன் முற்றம்வரை வந்து, அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விளிம்பில் வேலி கிடையாது. கீழே பாறை, அதற்கும் கீழே பச்சைத் தண்ணீர். காலை வெயில் தூண்களில் விழுந்துகொண்டிருந்தது. ஜெரோம் கேமராவைக் கண்ணில் வைத்துப் பின்னால் நடக்க ஆரம்பித்தான். அப்போதும் வாய் ஓயவில்லை. "தங்கச்சிய நெனச்சா பேஜாரா கீது மச்சான். இத முடிச்சுக்கினு நேரா வூட்டுக்குத்தான்."

இடையிடையே கேட்டான், நான் பதில் சொன்னேன், அவன் வந்தான். என்மேல் அவ்வளவு கோபம் வைத்திருந்தவன், தன் முதுகை மட்டும் என்னிடமே விட்டிருந்தான். அந்தப் பழக்கத்தில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் அவனைத் தொடவில்லை. இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் குதிகாலுக்குப் பின்னால் ஒரு சாண் பாறைதான் மிச்சம் இருந்தது. "இருக்கா மச்சான்?" என்று கேட்டான். நான் குனிந்து நன்றாகப் பார்த்தேன். "இருக்கு, வா" என்றேன். எப்போதும் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன்.

சத்தம் அடங்கிய பிறகு நானும் அந்தப் பங்களாவை எடுத்தேன். அந்த வெளிச்சம் திரும்பக் கிடைக்காது. ஃப்ரேமில் ஆள் யாரும் இல்லை, துப்புரவாக வந்திருக்கிறது. அதன்பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

இன்று செவ்வாய்க்கிழமை என்று நினைக்கிறேன். விசாரணை என்று என்னை இங்கே உட்கார வைத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். வேண்டாம், சார். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற என் கேமரா பையில் ஒரு சாவி இருக்கும், அதை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். சஹானாவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஞாயிறு காலையில் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.