நான்கு இழுப்புக்கு நான்கு இழுப்பு

அன்று காலை தேநீர் போட்டது நான்தான், ஐயா. எனோசா மூன்று கரண்டி சர்க்கரை கேட்டான். "மூணா?" என்று திரும்பக் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். முத்துச்சிப்பி எடுக்கும் படகில் மூழ்குபவனின் கயிறு பிடிப்பவனுக்குக் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் ஊறிப்போயிருக்க வேண்டும்.

கடலடியில் இருப்பவன் கயிற்றை ஒருமுறை இழுத்தால் நலம். நான்கு முறை இழுத்தால் ஆபத்து, மேலே தூக்கு. மேலே இருப்பவன் அதே எண்ணிக்கையைத் திருப்பி இழுக்க வேண்டும். பதில் வந்தால் கீழே இருப்பவன் அசையாமல் காத்திருப்பான். வராவிட்டால், தோளில் உட்கார்ந்திருக்கும் செம்புத் தலைக்கவசத்திலிருந்து குனிந்து நழுவி, நீந்தி மேலே வந்துவிடுவான். எங்கள் தர்ஸ்டே தீவில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் படகின் மூழ்காளி ஏலியா கீழே இருந்தான். கயிறு என் கையில், கவசத்துக்குள் காற்றை அனுப்பும் எஞ்சின் எனோசா பொறுப்பில். எனோசா தூங்கிவிட்டான், எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது. ஏலியா நான்கு இழுத்தான். நானும் நான்கு இழுத்துவிட்டுத் தூக்கினேன். கயிறு பவளப்பாறையில் சிக்கிக்கொண்டது. என் பதிலை நம்பி நின்றவன் பிணமாக வந்தான்.

"நடந்ததை நடந்தபடி சொல்லிடறேன் மச்சான், நீ கவலைப்படாதே" என்று எனோசா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். என் தங்கை புருஷன், நம்பினேன். விசாரணையில், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏலியா இழுத்தான். இவன் பதிலே குடுக்கல" என்றான்.

அதன்பிறகு எந்தப் படகிலும் என்னைச் சேர்க்கவில்லை. 'செவிட்டுக் கை' என்று பெயர் வைத்தார்கள். தேவாலயத்தில் ஏலியாவின் அம்மா என்னைக் கண்டதும் இடம் மாறி உட்காருவாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்த வருடம் எனோசா மூழ்காளியானான். ஒருநாள் என் வாசலில் வந்து நின்று சிரித்தான். "வேற எவன் உன்னைச் சேர்ப்பான், செவிட்டுக் கை? வா, என் கயித்தைப் பிடி." அவன் என்னை நம்பியதில் ஆச்சரியமில்லை. நான் பதில் கொடுக்கத் தவறாதவன் என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அன்று மற்றவர்கள் ஆமை முட்டை பொறுக்கச் சிறுபடகில் மணல்திட்டுக்குப் போயிருந்தார்கள். "தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு, நாம ரெண்டு பேரே போதும்" என்று எனோசா இறங்கினான். அவன் அடியைத் தொட்டு ஒன்று இழுத்தான். நானும் ஒன்று இழுத்தேன். பிறகு எஞ்சினின் எண்ணெய்க் குழாயை மூடினேன்.

சற்று நேரத்தில் நான்கு வந்தது. நான்கு கொடுத்தேன். தூக்கவில்லை. மறுபடி நான்கு, இந்தமுறை வேகமாக. நானும் வேகமாகக் கொடுத்தேன். பதில் வராமல் இருந்திருந்தால் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தப்பித்திருப்பான். அதனால்தான் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. ஏழு தடவை கேட்டான், ஏழு தடவையும் சொன்னேன். நான் பதில் கொடுக்கவில்லை என்று இனி அவன் எங்கேயும் போய்ச் சொல்ல முடியாது.

கடைசியில் கயிறு ஒரே ஒருமுறை, மெதுவாக அசைந்தது. ஒன்று என்றால் நலம். நானும் ஒன்று இழுத்தேன். அதில் பொய்யில்லை ஐயா, நான் நலமாகத்தான் இருந்தேன்.