பெட்டிக்குள்ளிருந்து எடுத்த பந்து

தலைமை ஏற்றிருக்கும் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிராணியார் கார்த்திகேசு அவர்களே! கோயில் தலைவர் ஐயா நல்லசாமி அவர்களே! வேலைக்காட்டிலிருந்து நேராக இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தோழர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரமாக நிற்கின்ற கோலா சிலாங்கூர் பட்டணத்துக் கூடைப்பந்துக் குழுவின் நண்பர்களே! உங்களை நான் கடைசியில் அழைத்தேன். முதலில் அழைத்திருக்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நமது இளைஞர் மன்றத்தின் சார்பில், அகால மரணமடைந்த ஆட்டச் செம்மல் சிவானந்தம் அவர்களுக்கு இரங்கல் தெரிவிக்க வந்தேன். மன்றத் தலைவன் என்ற முறையில் எத்தனையோ இரங்கல் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இன்றைக்குத்தான் பேச வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் துணியைப் பாருங்கள். ‘சிறந்த காற்பந்து வீரர் அமரர் சிவானந்தம்’ என்று எழுதியிருக்கிறோம். கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறோம்!

சிவானந்தம் என்றைக்கய்யா காற்பந்து விளையாடினான்?

சற்று முன் இந்த மண்டபத்து வாசலில் அவன் தங்கை கங்கா என்னை நிறுத்தினாள். “அண்ணே, எங்கண்ணன் ஒரு நாளுகூட ஃபுட்போல் வெளாண்டதில்லண்ணே. அது வெளாண்டது பாஸ்கெட்போல். இது தெரியாதா ஒங்களுக்கு?” என்றாள். தோட்டத்தில் எவன் பந்தைத் தொட்டாலும் அவன் காற்பந்து வீரன்தான் நமக்கு. போன முறை எழுதிய துணியைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறோம். அது மட்டுமா? அவன் பெயரில் ஒரு காற்பந்துக் கிண்ணப் போட்டி வைப்பது என்று நேற்றுத் தீர்மானம் போட்டோம். கூடைப்பந்துக்காக அவன் நட்டு வைத்த போஸ்டைப் பிடுங்கி, திடலில் கோல்கம்பமாக நட்டுவிடலாம் என்றும் பேசினோம்! ஒருவர்கூட அதில் தவறு காணவில்லை.

அந்தப் போஸ்ட் உங்களுக்குத் தெரியும். ஸ்டோருக்குப் பின்னால், கொப்பரை காயவைத்த பழைய சிமெண்டுக் களத்தில் நிற்கிறது. தான் வேலை செய்த செம்பனை ஆலைப் பட்டறையில் கெஞ்சிக் கேட்டு, கம்பியை வளைத்து வளையம் செய்தான். பெட்டிப் பலகையை அடித்துப் பின்னால் மாட்டினான். பட்டணத்துக் குழுவில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுடைய பயிற்சி முடியும் நேரத்தில் தோட்டத்துக்குப் பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிள் வாங்க அப்போது வசதியும் இல்லை. அதனால் என்ன செய்தான்? தனியாகப் பழகினான். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, களத்துக்குப் போய்விடுவான்.

சுவரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதில் பந்தை எறிந்து, திரும்பி வருவதைப் பிடிப்பான். எண்ணெய் டின்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு இடையில் பந்தைத் தட்டிக்கொண்டே வளைந்து வளைந்து ஓடுவான். நாம் என்ன செய்தோம்? வேடிக்கை பார்த்துச் சிரித்தோம். “என்னா லா, ஒனக்கு ஆளு கெடைக்கலையா, செவுத்தோட வெளாடுற?” என்று நம்மில் ஒருவர் கேட்டார். அதற்கு அவன், “செவுருதாண்ணே குடுத்தத ஒழுங்காத் திருப்பிக் குடுக்குது” என்றான். அதற்கும் சிரித்தோம்.

பிறகு ஒரு வினோதம் செய்தான். வலது கையைத் துண்டால் இடுப்போடு கட்டிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஆடிப் பழகினான். எத்தனை பேச்சு! எத்தனை கேலி! பீச்சாங்கையால் என்னடா விளையாட்டு என்று கேட்டோம். விளங்காமல் போய்விடும் என்று பெண்கள் திட்டினார்கள். அவன் கோபப்படவே இல்லை. துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினான்.

அந்த இடது கை என்ன செய்தது தெரியுமா? அதோ நிற்கிறாரே, குழுத் தலைவர் ஆ கியோங், அவர்தான் இன்று எனக்குச் சொன்னார். மாவட்டப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் எதிரணியினர் இவனுடைய வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டு நின்றார்களாம். இவன் இடக்கைக்குப் பந்தை மாற்றி, உள்ளே புகுந்து போட்டுவிட்டானாம். கிண்ணம் கிடைத்ததாம். பட்டணத்துக் கடைத்தெருவில் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம். அவன் நம்மை அழைக்காமலா இருந்தான்? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் “வாங்கண்ணே, பாத்துட்டுத்தான் போங்களேன்” என்று லயம் லயமாக, வீடு வீடாக வந்து கூப்பிட்டான். “அது சீனவங்க வெளாட்டு, நமக்கு எதுக்கு லா” என்றோம். ஒரே ஓர் ஆட்டத்துக்குக்கூட நம்மில் ஒருவரும் போகவில்லை. கங்கா மட்டும் போனாள்.

தோழர்களே, இப்போது இறுதிச் சடங்கு நடந்த அந்தக் காலைப்பொழுதுக்கு வருகிறேன். பத்தாங் பெர்ஜுந்தை சாலையில் லோரி மோதி இறந்தவனைப் பெட்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். இந்த நண்பர்கள் சீருடையோடு வந்தார்கள். ஆலையில் கூட வேலை செய்பவர்கள் என்று நினைத்துக்கொண்டோம். ஆ கியோங் அந்தக் கிண்ணம் வென்ற பந்தைக் கொண்டுவந்து, பெட்டிக்குள் அவனுடைய இடது கையோரம் வைத்தார். உடனே ஒரு குரல் எழுந்தது. “யாருப்பா அது, மாட்டுத் தோலக் கொண்டாந்து பெட்டியில வைக்கிறது? எடுங்க, எடுங்க! பொணத்தோட அது போகக் கூடாது!” நமது மன்றத்துப் பிள்ளைகளே அதை எடுத்து நீட்டினார்கள். ஆ கியோங் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “பரவாயில்லை” என்று மலாயில் சொல்லிவிட்டு, தலை குனிந்து வெளியே போனார். கங்கா கதறினாள். அண்ணனுக்காகக் கதறுகிறாள் என்று நினைத்தோம்.

என்ன, நல்லசாமி ஐயா? “பழக்கத்தத்தானே சொன்னேன், அதுல என்னா தப்பு” என்கிறீர்களா? உட்காருங்கள் ஐயா, உங்களை மட்டும் குற்றம் சொல்ல நான் எழுந்திருக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று பெட்டிக்கு முன்னால் தப்பு மேளம் முழங்கிப் போனதே, அது எதனால் கட்டியது? தோலால்தானே? அதை யாராவது தடுத்தோமா? நம்முடைய தோல் என்றால் மரியாதை, அவர்கள் கொண்டுவந்தால் தீட்டா? இது எனக்கும் அந்த நேரத்தில் தோன்றியது. தோன்றியும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என்னைப் போல எத்தனை பேர் நின்றீர்கள்!

வாசலில் நிறுத்திய கங்கா கடைசியாகச் சொன்னதை உங்கள் முன் வைக்கிறேன். “கிண்ணமெல்லாம் வேணாண்ணே. அவங்ககிட்ட ஒரு வார்த்த மன்னிப்புக் கேளுங்க. அந்தப் பந்த எனக்கு வாங்கிக் குடுங்க. போஸ்ட்ட மட்டும் புடுங்கிடாதீங்க. நான் வெளாடப் போறேன்.”

ஆகவே, நேற்றைய தீர்மானத்தை இந்த மேடையிலேயே கைவிடுகிறேன். அந்தப் போஸ்ட் அதே களத்தில் நிற்கும். அங்கே கங்கா விளையாடுவாள். எந்தக் கையால் விளையாடினாலும் யாரும் வாய் பேசக் கூடாது. பந்து கால்வாய்ப் பக்கம் ஓடினால் எடுத்துக் கொடுங்கள். சிவானந்தத்தின் பணியைத் தொடர நமக்குத் தெரிந்த வழி இன்றைக்கு இவ்வளவுதான்.

அடுத்ததாக ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. வேண்டாம், தோழர்களே. அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றபோதே நாம் வேண்டிய அளவு மௌனமாக இருந்துவிட்டோம். நான் மேடையிலிருந்து இறங்கி அந்த நண்பர்களிடம் போகிறேன், எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நல்லசாமி ஐயா, நீங்களும் வாருங்கள். எல்லோரும் எழுந்து வாருங்கள். ஒவ்வொருவரும் வாயைத் திறந்து, அவர்கள் காதில் விழும்படி கேட்போம்.